"நரம்பெல்லாம் செத்துப் போச்சுங்க": தேயிலை மலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

"நரம்பெல்லாம் செத்துப் போச்சுங்க டொக்டர்" என்றுதான் அந்த அம்மா முதல் நாள் சொன்னார். வயது 71. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கும் கூடிய உயரத்தில், ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருப்பவர். 15 வயதில் கூடையை முதுகில் போட்டு, 55இல் ஓய்வு பெற்று, அதற்குப் பிறகும் இரண்டு வருடம் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தவர். கால் இரண்டும் ஐஸ் மாதிரி இருக்கிறது, நடை தடுமாறுகிறது, விரல் மரத்துப் போகிறது, முன்பு போல எதுவும் சட்டென்று ஓடவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் வைத்த பெயர் நரம்பு.

நான் காதில் வாங்கியதும் நரம்பு, எழுதிக் கொடுத்ததும் நரம்புக் குளிசை. சிவப்பு நிற விற்றமின் குளிசை, நாளுக்கு ஒன்று, கிட்டத்தட்ட ஒரு வருடம். குளிசை ஒரு கெடுதலும் செய்யவில்லை, ஒரு நன்மையும் செய்யவில்லை. அந்த ஒரு வருடம் போனதுதான் கெடுதல்.

பேச்சுத் தமிழில் ஊசி போடக் கையைத் தட்டித் தேடுவதும் நரம்பைத்தான், சுளுக்கினால் பிசகுவதும் நரம்புதான், பயந்தவனுக்குத் தளர்வதும் நரம்புதான். இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோவது நாடி, திரும்பக் கொண்டுவருவது நாளம், உணர்வையும் அசைவுக் கட்டளையையும் கடத்துவது நரம்பு என்று மூன்றாகப் பிரிப்பது பாடப்புத்தகம். இது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் கிளினிக்கில் 80 பேர் வரிசையில் நிற்கும்போது தெரிந்தது எல்லாம் கைக்கு வருவதில்லை. அந்த அம்மா "நரம்பு" என்று சொல்லும்போது முன்கையைத் திருப்பிக் காட்டினார். அங்கே தோலுக்கடியில் ஊதா நிறத்தில் இரண்டு மூன்று கண்டல்கள் இருந்தன. எதில் இடித்தோம் என்பதே அவருக்கு நினைவில்லை. அதைப் பார்த்தும் நான் கடந்து போனேன்.

(அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளைக் காட்டிக் கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பீலிக்கரையில் நடந்தது

தை மாதம், விடியற்காலை ஐந்தரை மணி. லயத்துக்குக் கீழே உள்ள பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனவர் வலது கையிலிருந்து குடத்தை நழுவ விட்டார். குனிந்து எடுக்கப் பார்த்தபோது வலது காலும் மடங்கியது. பேச்சு தெளிவாக இருந்தது. "குளிர் புடிச்சிருக்கு" என்று அக்கம்பக்கத்தார் தூக்கி வந்து, கோடாலித் தைலம் தேய்த்து, கம்பளியைப் போர்த்திப் படுக்க வைத்தார்கள். மத்தியானம் விரல்கள் கொஞ்சம் அசையத் தொடங்கின. அதனால் எல்லோருக்கும் நிம்மதி. பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்திதான் "அம்மாயியோட வாய் ஒரு பக்கமா இருக்கு" என்று சத்தம் போட்டு, முச்சக்கர வண்டி பிடித்துக் கூட்டி வந்தாள். எங்களிடம் வந்தபோது மணி மூன்று.

ஒன்பதரை மணித்தியாலம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். 1990 என்ற அவசர எண்ணுக்கு அழைத்திருந்தால் அம்புலன்ஸ் வந்திருக்கும். ஆனால் இது பக்கவாதம் என்று தோன்றினால்தானே அழைப்பார்கள்? வலியில்லை, மயக்கமில்லை, பேச்சும் குழறவில்லை. யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வருடம் கையில் வைத்திருந்தும் பார்க்காதவன் நான்தான்.

வலது கையிலும் காலிலும் பலம் குறைந்திருந்தது, வலது பக்க முகம் இலேசாகத் தொங்கியது. தொடுகை, பார்வை, பேச்சு மூன்றும் சரி. இப்படி அசைவு மட்டும் தனியாகக் கெடுவது, மூளையின் ஆழத்தில் ஒரு மெல்லிய நாடி அடைபட்டதற்கான அடையாளம். மேற்பரப்பில் பெரிய நாடி அடைபட்டால் பேச்சோ பார்வையோ சேர்ந்து போயிருக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி சீ.ரி. ஸ்கேன் எடுத்ததில் இரத்தக் கசிவு இல்லை. அன்றைய அடைப்பு படத்தில் தெரியவுமில்லை, தொடக்கத்தில் அப்படித்தான். தெரிந்தது பழையது: ஆழத்தில் இரண்டு குழிகள், பாசிப்பயறு அளவில். மூளையறைகளைச் சுற்றியுள்ள வெண்பொருள் இரண்டு பக்கமும் கருமை தட்டி மங்கியிருந்தது.

அதாவது இந்த அம்மாவுக்கு இதற்கு முன்பே இரண்டு முறை பக்கவாதம் வந்து போயிருக்கிறது. ஒருவருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

இந்தக் குழிகளுக்கு மருத்துவத்தில் லகூன் என்று பெயர், சின்னக் குட்டை என்று வைத்துக்கொள்ளலாம். மில்லர் பிஷர் என்ற கனேடிய நரம்பியல் மருத்துவர் 1960களில் இறந்தவர்களின் மூளைகளை மெல்லியதாக வெட்டிப் பார்த்து, குட்டைகளையும் அவற்றுக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய நாடிகளின் சுவர் கெட்டிருப்பதையும் பொருத்திக் காட்டினார். இன்று இரத்த அடைப்பால் வரும் பக்கவாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இந்த வகை.

மறுபடி முதலிலிருந்து

ஆள் தேறி வந்த பிறகு முதல் நாள் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்.

உட்கார்ந்திருக்கும்போது பிரஷர் 168க்கு 76. எழுந்து நின்று இரண்டு நிமிடத்தில் 138க்கு 70. இந்த நான்கு எண்களில் பாதிக் கதை இருக்கிறது. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 92. இளம் வயதில் அது 40 அளவில் இருக்கும். பெருநாடி றப்பர் போல இருந்தால் இதயம் தள்ளும் ஒவ்வொரு அடியிலும் ஒரு பங்கைத் தான் விரிந்து வாங்கிக்கொள்ளும். வயதாகி அது விறைத்துவிட்டால் அடி அப்படியே கீழே போகும். அதிகம் வாங்குவது மூளையும் சிறுநீரகமும். ஓய்வில்லாமல் நிறைய இரத்தம் கேட்கும் உறுப்புகள் என்பதால் அங்கே வாசல் எப்போதும் திறந்தே இருக்கும். எழுந்து நின்றதும் 30 இறங்குவது இன்னொரு சேதி: நிற்கும்போது குழாய்கள் உடனே இறுகிப் பிடிக்க வேண்டும், அந்தச் சுறுசுறுப்பும் போய்விட்டது. 20 இறங்கினாலே நாங்கள் கவனிப்போம்.

பாத நாடிகள் இரண்டு காலிலும் நன்றாகத் துடித்தன. பெரிய குழாய்களில் அடைப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் பெருவிரலை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் சிவக்க ஐந்து விநாடி ஆனது. குளிரில் இது யாருக்கும் நீளும் என்பதால் காலை வெந்நீரில் வைத்துத் துடைத்து மறுபடி பார்த்தேன். அப்போதும் நாலு விநாடிக்கு மேல். மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தபோது, தொட்ட இடத்தை எல்லாம் சரியாகச் சொன்னார். நரம்பு சாகவில்லை. அதற்குப் போகிற இரத்தம்தான் மெலிந்திருந்தது.

சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியற்றினின் என்ற கழிவுக்கும் உள்ள விகிதம் 86. 30க்குக் கீழே இருக்க வேண்டும். இரத்தத்தில் கிரியற்றினின் 1.1 என்று ஆய்வுகூடத் தாளில் "சாதாரணம்" என்ற பெட்டிக்குள்தான் வந்திருந்தது. 71 வயதுப் பெண்ணுக்கு அதைக் கணக்குப் போட்டால் சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 54 மில்லிலீற்றர் அளவில் நிற்கிறது. வெறும் வயிற்றுச் சீனி 118. சீனி வருத்தம் இல்லை, ஆனால் வாசல் வரை வந்தாயிற்று. ஹீமோகுளோபின் 10.4, இரும்புக் குறைவு. அதற்கு வேறு மருந்து, வேறு கதை.

கண்ணைப் பார்த்தது எனக்குப் பிடித்த பகுதி. உயிரோடு இருக்கும் ஒருவரின் உடம்பில் நுண்ணிய குருதிக்கலன்களை வெட்டாமல், குத்தாமல், நேரே கண்ணால் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. ஹெல்ம்ஹோல்ற்ஸ் 1851இல் செய்து கொடுத்த கருவியின் பேரப்பிள்ளைதான் இன்று நாங்கள் கையில் பிடிப்பது. அந்த அம்மாவின் விழித்திரையில் நாடிகள் மெலிந்து, செம்புக் கம்பி போல மினுங்கின. நாடி நாளத்தைக் கடக்கும் இடங்களில் நாளம் கிள்ளியது போல ஒடுங்கியிருந்தது. கண்ணில் இப்படியென்றால் மூளையிலும் சிறுநீரகத்திலும் எப்படியிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

அப்புறம் மூளையின் வேகம். மணிக்கூடு வரையச் சொல்வதுதான் வழக்கம். மூன்றாம் வகுப்போடு நின்ற ஒருவரிடம் பென்சிலைக் கொடுத்துப் பரீட்சை வைப்பது நியாயமாகப் படவில்லை. அதனால் கொழுந்துக் கணக்குக் கேட்டேன். "காலையில 7 கிலோ, மத்தியானம் 9, அந்திக்கு 6. மொத்தம் எத்தனை கிலோம்மா?" கண்ணை மூடிக்கொண்டார், உதடு அசைந்தது. கிட்டத்தட்ட 50 விநாடி கழித்து, "இருவது" என்றார். குறிப்பில் "கணக்கில் பிழை, தாமதம்" என்று எழுதினேன்.

உள்ளே என்ன நடக்கிறது

எல்லாக் குருதிக்கலன்களுக்கும் உள்ளே ஒரே ஒரு கலத்தின் தடிப்பில் ஒரு விரிப்பு இருக்கிறது. எங்கள் பாடப்புத்தகங்களில் அகவணி என்று பெயர். மிக மெல்லிய மயிர்க்கலன்களில் சுவர் என்று பார்த்தால் பெரும்பாலும் இந்த விரிப்புத்தான். அங்கே வழி எவ்வளவு ஒடுக்கமென்றால், செங்குழியங்கள் ஒற்றை வரிசையில், பல இடங்களில் உடம்பை மடித்துத்தான் போக வேண்டும்.

நீண்ட காலம் இதை வெறும் உறை என்றுதான் நினைத்தார்கள். 1980இல் றொபேர்ட் பேர்ச்கொட்டும் அவருடன் வேலை செய்தவரும் முயலின் பெருநாடித் துண்டுகளை வைத்துச் சோதித்தபோது ஒன்றைக் கண்டார்கள். உட்பக்கம் உரசிப் போன துண்டுகள் அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் பட்டும் விரியவில்லை. உட்பக்கம் முழுதாக இருந்தவை விரிந்தன. விரியச் சொல்லும் கட்டளை அகவணியிலிருந்து வருகிறது. அந்தக் கட்டளையைக் கொண்டுபோவது நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு, சில விநாடிகளே உயிரோடிருப்பது, என்று பிறகு தெரிந்தது. 1998இல் பேர்ச்கொட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு.

வயதாகும்போது குழப்பம் இந்தக் கட்டளையில்தான் முதலில் வருகிறது. நைத்திரிக் ஒட்சைட்டைச் செய்யும் நொதியத்துக்கு ஒரு துணைப்பொருள் வேண்டும். அது குறைந்தால் அதே நொதியம் வாயுவுக்குப் பதிலாக ஒட்சிசன் மூலிகங்களை உண்டாக்குகிறது, அவை இருக்கிற கொஞ்ச வாயுவையும் தின்றுவிடுகின்றன. உரம் போட அனுப்பிய ஆள் களைநாசினி அடித்துவிட்டு வருவது மாதிரி. குழாய் விரிய வேண்டிய நேரத்தில் விரியாது. அகவணியின் மேல் வழுவழுப்பாக இருக்கும் சீனிப் பூச்சு மெலிகிறது, ஒட்டக்கூடாதவை ஒட்டுகின்றன, கசியக்கூடாதவை கசிகின்றன. சிறுநீரில் வந்த அல்புமின் அந்தக் கசிவின் ஒரு முகம். புன்னாடிகளின், அதாவது மிகச் சின்ன நாடிகளின், சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது. மயிர்க்கலன்கள் சில இடங்களில் எண்ணிக்கையிலேயே குறைகின்றன. லயத்திலிருந்து மலைக்கு ஏறும் குறுக்குப் பாதையில் ஆள் நடக்காவிட்டால் இரண்டு மழைக்குள் புல் மூடிவிடும், அப்படி.

குளிர் இதில் எங்கே வருகிறது? வயதான தோலில் குழாய்கள் குளிருக்குச் சரியாகச் சுருங்குவதுமில்லை, சூட்டுக்குச் சரியாக விரிவதுமில்லை. அதனால் சூடு வீணாகிறது, வெளியிலிருந்து சூடு கொடுத்தாலும் கால் இலகுவில் திரும்புவதில்லை. குளிர் காலத்தில் பிரஷர் கூடும், விடியற்காலையில் இயல்பாகவே ஏறும். தை மாதம், ஐந்தரை மணி, பீலித் தண்ணீர். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் குடம் விழுந்தது. அன்று அது நடந்ததற்குக் குளிர்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் எனக்கு அது தற்செயலாகத் தெரியவில்லை.

முன்கைக் கண்டலையும் சொல்லிவிட வேண்டும். 40 வருட வெயில் பட்ட முன்கை. தோலுக்குள் குழாய்களைத் தாங்கிப் பிடிக்கும் நார் தேய்ந்துவிட, கூடைக்கயிறு உரசினால்கூட நுண்குழாய் உடைந்து ஊதாவாகப் பரவுகிறது. அது தானாக ஆபத்தில்லை. தாங்கும் நார் தேய்ந்த உடம்பு இது என்று வெளியே தொங்கவிட்ட அறிவித்தல் பலகை, அவ்வளவுதான்.

பெண் என்பதும் இங்கே ஒரு கணக்கு. 1994இல் வெளியான ஒரு ஆய்வில், புயத்து நாடி விரிவதை அல்ட்ராசவுண்டில் அளந்தார்கள். ஆண்களுக்கு அந்தத் திறன் 40ஐ ஒட்டியே இறங்கத் தொடங்கியது. பெண்களுக்கு 50இன் தொடக்கம் வரை அப்படியே நின்று, பிறகு ஆண்களைவிட வேகமாக இறங்கியது. மாதவிடாய் நிற்கும் காலம் அது. இந்த அம்மாவுக்கு 50இல் அது நின்றது, 55இல் தோட்டத்தில் பேர் நின்றது, கைக்காசுக் கொழுந்தும் 57இல் நின்றது. மாதவிடாயும் மலை நடையும் என்ற இரண்டு காவலும் ஏழு வருட இடைவெளியில் போயிருக்கிறது. மலை ஏறி இறங்கும்போது இரத்தம் வேகமாக ஓடி அகவணியை உரசும். அந்த உரசல்தான் நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரக்கவைக்கும் பெரிய தூண்டல். நாளுக்குப் பத்து மணித்தியாலம் சரிவில் நின்றவர், பிறகு அடுப்படிக்கும் வாசலுக்கும் இடையில் நடந்தார். தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. முதுகையும் முழங்காலையும் அது என்ன செய்தது என்பது வேறு அறிக்கை.

அடுப்படி என்றதும் நினைவுக்கு வருகிறது: விறகுப் புகை, ஜன்னல் இல்லாத சமையலறை. வெற்றிலையோடு புகையிலை, 20 வயதிலிருந்து. கருவாடும் கட்டைச் சம்பலும். பிரஷர் குளிசை ஏற்கெனவே எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது, "தல வலிச்சா மட்டும் போடுவேங்க" என்றார். நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

என்ன செய்தோம்

168ஐ வேகமாக 120க்கு இழுத்தால் எழுந்து நிற்கும்போது விழுவார். இடுப்பு எலும்பு முறிந்தால் அதோடு சரி. அதனால் நின்று அளந்த எண்ணை வைத்தே மருந்தைக் கூட்டினேன். பிரஷருக்கு லொசாட்டன் 25 மில்லிகிராமில் தொடக்கம், இரண்டு கிழமையில் பொட்டாசியமும் கிரியற்றினினும் பார்த்து 50. சிறுநீரகக் கசிவுக்கும் அதுவே மருந்து. கூடவே கொழுப்பைக் குறைக்க அற்றோவாஸ்ரற்றின். இரத்தம் கட்டாமலிருக்க அஸ்பிரின் 75, தனியாக. இரத்தம் கட்டாமல் தடுக்கும் இரண்டு மருந்துகளைச் சேர்த்து நீண்ட காலம் கொடுத்தால் இன்னும் நல்லதா என்று லகூன் வகைப் பக்கவாதம் வந்த 3,020 பேரிடம் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள்: பக்கவாதம் குறையவில்லை, இரத்தக் கசிவும் மரணமும் கூடின. இந்த வயதில் குழாய் அடைபடுவதும் உடைவதும் ஒரே சுவரின் இரண்டு கோளாறுகள். கண்டல் விழும் கையைப் பார்த்தவன் மருந்தை அடுக்க யோசிப்பான்.

நடை பற்றி அளந்தே சொன்னேன். நடுவயது தாண்டிய ஆண்கள் மூன்று மாதம் ஒழுங்காக நடந்தபோது அகவணியின் விரிக்கும் திறன் நன்றாகத் திரும்பியது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதே பலன் அவ்வளவு தெளிவாக வரவில்லை. ஆனாலும் பிரஷருக்கும் சீனிக்கும் நடைக்கும் அது நல்லது என்பதால் விடியற்காலையில் வேண்டாம், வெயில் ஏறிய பிறகு மட்டமான றோட்டில், பேத்தியோடு, என்று கேட்டுக்கொண்டேன். பீலிக்கு இனிப் போக வேண்டாம் என்றபோது அந்த அம்மா சிரித்தார். "அப்ப யாருங்க தண்ணி எடுப்பா?" பிறகு பேத்தி எடுக்கிறாள் என்று கேள்வி. அவளுக்கு அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை.

ஆறு மாதம் கழித்து

கை முழுதாகத் திரும்பிவிட்டது. உட்கார்ந்து 146க்கு 74, நின்று 134க்கு 70. அல்புமின் விகிதம் 41. கால் குளிர் அப்படியே. காலுறை போடுகிறார், அது அவருக்கு மருந்தைவிடப் பிடித்திருக்கிறது. புகையிலை நாலு வாயிலிருந்து ஒரு வாய். ஸ்கேனில் கண்ட குட்டைகள் அங்கேயேதான் இருக்கும், மங்கிய வெண்பொருளும் திரும்பாது. நடை இன்னும் சின்ன அடிதான். திரும்புவதற்கு ஆறு அடி வைக்க வேண்டியிருக்கிறது, முன்பு ஒன்பது.

பழைய பரீட்சையை மறுபடி வைத்தேன். "காலையில 8, மத்தியானம் 10, அந்திக்கு 5." கண்ணை மூடினார். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், 50 விநாடி. "இருவத்தி ஒன்னு."

பேனையை எடுத்தேன். பக்கத்தில் மருந்துத் தட்டோடு நின்ற மிஸ்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பொகவந்தலாவைப் பக்கத்து லயத்தில் பிறந்தவர், நான் யாழ்ப்பாணத்துக்காரன்.

"டொக்டர், அம்மா கழிச்சிட்டுத்தான் சொல்றாங்க."

"என்ன கழிச்சு?"

அந்த அம்மா என்னைக் கொஞ்சம் பரிதாபமாகவே பார்த்தார். "கூடைக்கும் ஈரத்துக்கும் ரெண்டு கிலோ வெட்டுவாங்கல்ல? கையில கெடைக்கிறது எவ்வளவோ அதத்தானே கணக்கா சொல்லணும்."

கோப்பைப் பின்னுக்குத் திருப்பி, ஆறு மாதத்துக்கு முந்திய வரியில் "கணக்கில் பிழை" என்பதை அடித்தேன். "தாமதம்" என்பதை விட்டு வைத்தேன்.